சோதனைச் சாவடியில் நிற்காத கிருமி

எல்லையில் ஓர் ஊர்

கோவிந்தாபுரம் எல்லையோர ஊர். பாலக்காடு மாவட்டத்தில், முதலமடை ஊராட்சியில் இருக்கிறது. கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் சாலை இந்த ஊர் வழியாகச் செல்கிறது. சாலையில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. ஊரார் அதை செக்போஸ்ட் என்பார்கள். செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் கேரளம். அந்தப் பக்கம் தமிழ்நாடு.

ஆனால் மக்களின் வாழ்க்கைக்கு எல்லை இல்லை. வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். பெண் கொடுத்தது அங்கே, பெண் எடுத்தது இங்கே. முதலமடை மாந்தோப்புகளுக்குப் பேர்போன இடம். காய்ப்புக் காலத்தில் காய் பறிக்கவும், தரம் பிரிக்கவும், பெட்டியில் அடுக்கவும் ஆட்கள் வேண்டும். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் எல்லையைத் தாண்டிப் போகும்.

இடுக்கி மாவட்டத்திலும் இதே நிலைதான். தேனி மாவட்டத்துத் தொழிலாளர்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு வருகிறார்கள். காலையில் ஜீப்பில் மலை ஏறுகிறார்கள். மாலையில் இறங்குகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊர்களுக்கு 2020-ஆம் ஆண்டில் ஒரு பெரிய சோதனை வந்தது. அதுதான் கோவிட்-19. மக்கள் கொரோனா என்று சொன்னார்கள். அந்த நாட்களில் நம் மனதில் என்னென்ன பயம் இருந்தது? கிருமி எப்படிப் பரவியது? ஊசி எதற்கு? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

வழி அடைபட்டது

2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். சீனாவில் வூகான் என்ற நகரில் ஒரு புதிய நோய் தெரிய வந்தது. இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது கேரளத்தில்தான். அந்த நாள் 2020 ஜனவரி 30. நோய் கண்டவர் திருச்சூரைச் சேர்ந்த மாணவி. வூகானில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், ஊர் திரும்பியிருந்தார். சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். திருச்சூர் பாலக்காட்டுக்கு அடுத்த மாவட்டம். எங்கோ தூர தேசத்தில் தொடங்கிய நோய், பக்கத்து மாவட்டத்துக்கு வர இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஒரு நோய் பல நாடுகளில் ஒரே காலத்தில் வேகமாகப் பரவினால் அது பெருந்தொற்று.

மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பேருந்து இல்லை. ரயில் இல்லை. தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு வேலையும் இல்லை. எல்லை அடைபட்டது.

மே மாதத்தில், வெளி மாநிலங்களில் மாட்டிக்கொண்டவர்கள் திரும்பி வர கேரள அரசு வழி செய்தது. சாலை வழியாக வருபவர்களுக்கு ஆறு சோதனைச் சாவடிகளை ஒதுக்கியது. வாளையாறும் குமுளியும் அவற்றில் இருந்தன. கோவிந்தாபுரம் இல்லை. பொள்ளாச்சியில் இருப்பவர் கோவிந்தாபுரத்து வீட்டுக்கு வர வேண்டும் என்றால்கூட, பாஸ் வாங்கி வாளையாறு சுற்றித்தான் வர வேண்டும். கூப்பிடு தூரத்தில் இருந்த உறவுகள் தூரத்து உறவாகிப் போயின.

வழியை ஏன் அடைத்தார்கள்? நோய் பரவும் வேகத்தைக் குறைப்பதற்காக. ஒரே நேரத்தில் எல்லாரும் நோயாளி ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டில் போதாது. ஆக்சிஜன் போதாது. டாக்டரும் நர்ஸும் போதாது. நோய் மெதுவாகப் பரவினால் எல்லாருக்கும் சிகிச்சை கொடுக்கலாம்.

ஆனால் மனிதரை நிறுத்தலாம். வண்டியை நிறுத்தலாம். கிருமியை நிறுத்த முடியுமா?

கிருமி எப்படிப் பரவியது?

கோவிட் நோயைத் தருவது வைரஸ் என்ற வகைக் கிருமி. இது கண்ணுக்குத் தெரியாது. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தாலும் தெரியாது. அவ்வளவு சிறியது. இது வெளியே தானாகப் பெருகாது. நம் உடலுக்குள் புகுந்த பிறகுதான் பெருகும்.

நோய் உள்ளவர் பேசும்போதும், இருமும்போதும், தும்மும்போதும் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர்த்துளிகள் வெளிவரும். பெரிய துளிகள் சீக்கிரம் கீழே விழுந்துவிடும். மிகச் சிறிய துளிகள் காற்றில் மிதக்கும். அவற்றில் கிருமி இருக்கும். பக்கத்தில் இருப்பவர் அந்தக் காற்றைச் சுவாசித்தால் கிருமி அவருக்குள் போகும்.

பீடிப் புகையை நினைத்துப் பாருங்கள். அடைத்த அறையில் ஒருவர் பீடி பிடித்தால் வாசம் எல்லா மூலைக்கும் போகும். வெட்டவெளியில் பிடித்தால் சீக்கிரம் கலைந்துவிடும். இந்தக் கிருமியும் அப்படித்தான். மாந்தோப்பில் தள்ளி நின்று வேலை செய்வதில் ஆபத்து குறைவு. அதே ஆட்கள் ஜீப்பில் நெருக்கியடித்து, படுதாவை இறக்கிவிட்டுப் பயணம் செய்தால் ஆபத்து அதிகம்.

முதல் மாதங்களில், பொருட்களைத் தொடுவதால்தான் நோய் அதிகம் பரவும் என்று பலர் எண்ணினார்கள். பால் பாக்கெட்டைக் கழுவினார்கள். ரூபாய் நோட்டை வெயிலில் காய வைத்தார்கள். பிறகு ஆராய்ச்சிகளில் விவரம் தெளிவானது. பொருட்களைவிடக் காற்று வழியாகவே இது அதிகம் பரவுகிறது. முகக்கவசமும் நல்ல காற்றோட்டமும் ஏன் முக்கியம் என்பது அப்போது புரிந்தது.

அப்படியானால் கை கழுவியது வீணா? இல்லை. இந்த வைரஸின் மேல் கொழுப்பால் ஆன ஓர் உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தின் பிசுக்கை சோப்பு நீக்குகிறது அல்லவா? அதுபோல இந்த உறையையும் சோப்பு உடைத்துவிடும். வயிற்றுப்போக்கு போன்ற வேறு பல நோய்களையும் கை கழுவும் பழக்கம் தடுக்கிறது. 2020 மார்ச் மாதத்தில் கேரள அரசு 'பிரேக் தி செயின்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 'சங்கிலியை உடைப்போம்' என்பது இதன் பொருள்.

எந்தச் சங்கிலி? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் இரண்டு பேருக்கு நோயைக் கொடுக்கிறார். அந்த இருவர் நான்கு பேருக்குக் கொடுக்கிறார்கள். நான்கு எட்டாகும். எட்டு பதினாறாகும். இப்படியே போனால் பத்தாவது சுற்றில் 1,024 பேர். தொடக்கத்தில் ஒரு கண்ணி அறுந்தால் பின்னால் எத்தனை பேர் தப்புவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. செக்போஸ்டில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியைப் பிடித்து உடல் சூடு பார்த்தார்கள். காய்ச்சல் இருப்பவர் அதில் அகப்படுவார். ஆனால் இந்தக் கிருமி உள்ளவர்களில் பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. சிலருக்குக் காய்ச்சல் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே நோய் மற்றவருக்குப் பரவும். ஆகவே சூடு பார்ப்பது மட்டும் போதாது. கிருமி செக்போஸ்டில் நிற்கவில்லை.

இடமலைக்குடி சொல்லும் செய்தி

இடுக்கி மாவட்டத்தில் காட்டுக்குள் இருக்கும் ஊராட்சி இடமலைக்குடி. முதுவர் பழங்குடி மக்கள் வாழும் இடம். 2010-ல் உருவானது. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி இதுதான்.

கொரோனா வந்ததும் இந்த மக்கள் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். வெளியாட்கள் யாரும் உள்ளே வரக்கூடாது. உள்ளே இருப்பவர்கள் அவசியமில்லாமல் வெளியே போகக்கூடாது. சாமான் வாங்க ஒருவர் மட்டும் போவார். திரும்பி வந்ததும் இரண்டு வாரம் தனியாக இருப்பார்.

இந்தக் கட்டுப்பாட்டை யாரும் அவர்கள் மேல் திணிக்கவில்லை. தாங்களே வைத்துக்கொண்டார்கள். பலன் என்ன? நாடெங்கும் நோய் பரவியபோதும், சுமார் ஒன்றரை ஆண்டுகள் அங்கே ஒருவருக்கும் கோவிட் கண்டறியப்படவில்லை.

ஆனால் 2021 ஜூலையில் அங்கேயும் நோய் கண்டறியப்பட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒதுங்கி இருப்பது நல்ல தற்காப்பு. அது நமக்கு நேரம் வாங்கித் தருகிறது. ஆனால் எந்த ஊரும் எந்நாளும் கதவை அடைத்துக்கொண்டு இருக்க முடியாது. கிடைத்த நேரத்தில் உடலைத் தயார் செய்ய வேண்டும். அதற்குத்தான் தடுப்பூசி.

ஊசி வந்தது

இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று கோவிட் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. முதலில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் போட்டார்கள். மார்ச் 1 முதல் 60 வயது கடந்தவர்களுக்கும், 45 வயதுக்கு மேல் வேறு நோய் உள்ளவர்களுக்கும் போட்டார்கள். ஏப்ரல் 1 முதல் 45 வயது ஆன எல்லாருக்கும், மே 1 முதல் 18 வயது ஆனவர்களுக்கும் அனுமதி கிடைத்தது.

இரண்டு ஊசிகள் அதிகம் புழங்கின. ஒன்று கோவிஷீல்டு. புனே நகரில் உள்ள சீரம் நிறுவனம் தயாரித்தது. மற்றொன்று கோவாக்சின். ஹைதராபாத்தில் உள்ள பாரத் பயோடெக் நிறுவனம் தயாரித்தது.

ஊசி உடலுக்குள் என்ன செய்கிறது?

நம் உடலில் ஒரு காவல் படை இருக்கிறது. அதை நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். புதிய கிருமி வந்தால் அந்தப் படைக்கு எதிரியை அடையாளம் தெரியாது. அடையாளம் கண்டு தயாராவதற்குள் கிருமி பெருகிவிடும். போலீஸ் ஸ்டேஷனில் திருடனின் படத்தை ஒட்டி வைக்கிறார்கள் அல்லவா? தடுப்பூசியும் அப்படித்தான். எதிரியின் அடையாளத்தை மட்டும் படைக்கு முன்கூட்டியே காட்டுகிறது. கோவாக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட கிருமி. அது பெருகாது. கோவிஷீல்டில் கொரோனா கிருமியே இல்லை. அதன் அடையாளத்தைச் சுமந்து வரும் வேறொரு வைரஸ் இருக்கிறது. அதுவும் உடலில் பெருகாதபடி மாற்றப்பட்டது. ஆகவே இந்த ஊசிகளால் கொரோனா நோய் வராது.

"பத்துப் பேர் சேரட்டும், அப்புறம் போடலாம்" என்று சில நேரம் நர்ஸ் சொல்லியிருப்பார். ஏன் தெரியுமா? ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இரண்டு பேருக்காகத் திறந்தால் எட்டுப் பேரின் மருந்து வீணாகும்.

குப்பியில் பத்துப் பேருக்கு மேல் ஒரு சொட்டு கூடுதலாகவே ஊற்றியிருப்பார்கள். சிந்துவதற்கும் சேர்த்து அந்தக் கணக்கு. கேரளத்து நர்ஸுகள் சிந்தாமல் எடுத்து, அந்தக் கூடுதல் மருந்தையும் மக்களுக்குப் போட்டார்கள். 2021 மே மாதத் தொடக்கத்தில் கேரள அரசு ஒரு கணக்கு வெளியிட்டது. வந்த மருந்து 73,38,806 பேருக்கு. போட்ட ஊசி 74,26,164. வந்ததைவிடப் போட்டது அதிகம்!

அயல்கூட்டத்தில் ஒரு பேச்சு

மருந்து வந்தது. ஆனால் பயம் போனதா? எல்லையோர ஊர் ஒன்றில் 2021 ஆகஸ்ட் மாதம் அயல்கூட்டம் கூடியது என்று வைத்துக்கொள்வோம். அங்கே இப்படிப் பேசியிருப்பார்கள்.

தோப்பு வேலை செய்யும் அக்கா: மே 20-ந் தேதி முதல் ஊசி போட்டேனுங்க. அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல். கையும் காலும் முறிச்சுப் போட்ட மாதிரி வலி. ரெண்டு நாள் கூலி போச்சு. அதை யார் தருவாங்க? இனி ஊசியே வேண்டாமுங்க.

ஆசா பணியாளர்: கூலி போனது சின்ன விஷயம் இல்லைங்க அக்கா. ஆனா அந்தக் காய்ச்சல் கொரோனா இல்லை. உடம்பு எதிரியை அடையாளம் கண்டு தயாராகுது. அப்ப சூடு வரும். ஒன்னு ரெண்டு நாள்ல போயிடும். கோவிஷீல்டு ரெண்டாவது ஊசிக்குப் பல பேருக்கு அவ்வளவு காய்ச்சல் வர்றதில்லை. சனிக்கிழமை போட்டுக்குங்க. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எடுத்துக்கலாம்.

டெம்போ ஓட்டும் தம்பி: ஊசி போட்டவங்களுக்கும் கொரோனா வருதே. அப்புறம் எதுக்கு ஊசி?

ஆசா: வரலாம் தம்பி. உன் வண்டியில பிரேக் இருக்கு. அதனால விபத்தே வராதுன்னு சொல்ல முடியுமா? ஆனா பிரேக் இல்லாம மலைப்பாதையில இறங்குவியா? ஊசி போட்டவங்களுக்கு நோய் வந்தாலும் உயிருக்கு ஆபத்தாகறது ரொம்பக் குறைவு. அதுதான் லாபம்.

இளம்பெண்: மாதவிலக்குக்கு அஞ்சு நாள் முன்னாடியும் பின்னாடியும் ஊசி போடக்கூடாதுன்னு போன்ல ஒரு செய்தி வந்துச்சே அக்கா.

ஆசா: அது பொய்ச் செய்திம்மா. ஏப்ரல் மாசமே மத்திய அரசு அதை மறுத்தாச்சு. எந்த நாள்லயும் போடலாம். பால் கொடுக்கிற தாய்மாரும் போடலாம். ஜூலை முதல் கர்ப்பிணிகளுக்கும் போடறாங்க. குழந்தை பிறக்காதுன்னு சொல்றதுக்கும் எந்த ஆதாரமும் இல்லை.

பாட்டி: எனக்கு அறுபத்தெட்டு வயசு கண்ணு. சக்கரை வேற. நான் வாசப்படி தாண்டறதில்லை. எனக்கு எதுக்கு ஊசி?

ஆசா: நீங்க வெளியே போறதில்லைங்க பாட்டி. மகன் வண்டி ஓட்டறார். மருமக தோப்புக்குப் போறாங்க. கிருமி உங்களைத் தேடி வீட்டுக்கே வருமே. வயசானவங்களையும் சக்கரை உள்ளவங்களையும்தான் இந்த நோய் அதிகம் வாட்டுது.

பாட்டி: ஊசியால ஒன்னுமே ஆகாதுன்னு சத்தியம் பண்ணுவியா?

ஆசா: ஒன்னுமே ஆகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேனுங்க. லட்சத்துல ஒருத்தர் மாதிரி, ரொம்ப அபூர்வமா சிலருக்கு ஒவ்வாமை வரலாம். அதனாலதான் ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம். கோவிஷீல்டு போட்ட சிலருக்கு ரத்தம் உறைஞ்சிருக்கு. அதுவும் மிக அபூர்வம். ஊசி போட்ட சில வாரத்துக்குள்ள தாங்க முடியாத தலைவலி, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கால் வீக்கம் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். ஆனா நோய் வந்தா வர்ற ஆபத்து இதைவிடப் பல மடங்கு பெரிசு.

பாட்டி: இதை முதல்லயே வந்து சொல்றதுக்கு என்ன? போன்ல பதிவு பண்ணணும்னாங்க. எனக்குப் போனும் தெரியாது, எழுத்தும் தெரியாது.

ஆசா: இப்ப பதிவில்லாம நேரா வரலாமுங்க. அடையாள அட்டை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க. நானே கூட வர்றேன்.

பாட்டி கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஊசிக்குப் பதிவு செய்ய 'கோவின்' என்ற இணையதளம் இருந்தது. தொடக்கத்தில் அதைப் பயன்படுத்த ஆங்கிலம் தெரிய வேண்டும். 2021 ஜூன் மாதத்தில்தான் தமிழ், மலையாளம் உட்பட நம் மொழிகள் அதில் சேர்ந்தன. போன் இல்லாதவரும் எழுத்து தெரியாதவரும் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார்கள். மறுத்தவர்கள் எல்லாரும் பயந்து மறுத்தவர்கள் இல்லை. பலருக்கு வழி தெரியவில்லை. கையைப் பிடித்து அழைத்துப் போக ஆள் இல்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்களுக்குத் தைரியம் கொடுப்பதற்காக எல்லார் முன்னிலையிலும் போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஏப்ரல் 17 அன்று இறந்தார்.

தமிழ் பேசும் மக்கள் எல்லாரும் அவருக்காக வருந்தினார்கள். கூடவே பயமும் பரவியது. "ஊசியால்தான் இறந்தார்" என்று வாய்க்கு வாய் பேச்சு. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பேச்சு வந்தது. இதை மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்தது. ஊசிக்கும் அவரது மரணத்துக்கும் தொடர்பில்லை என்று 2021 அக்டோபரில் தெரிவித்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். காக்கை உட்கார்ந்ததும் உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஆனால் காக்கை உட்கார்ந்ததால்தான் பழம் விழுந்ததா? ஒன்றின் பின்னால் இன்னொன்று நடந்தால் மட்டும் போதாது. அதனால்தான் நடந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். நாள்தோறும் லட்சக்கணக்கானவர்கள் ஊசி போட்ட காலம் அது. நாள்தோறும் வேறு நோயால் இறப்பவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒருவருக்கே நேர்ந்தால் பயம் வருவது இயற்கை. பயந்தவரைத் திட்டக்கூடாது. விவரம் சொல்ல வேண்டும்.

கூலிக் கணக்கு

2021 ஆகஸ்ட் 5 முதல் தமிழ்நாடு அரசு ஒரு விதி கொண்டுவந்தது. கேரளத்திலிருந்து வருபவர்கள் இரண்டு ஊசியும் போட்ட சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால், 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனையில் நோய் இல்லை என்ற சான்று காட்ட வேண்டும்.

72 மணி நேரம் என்றால் மூன்று நாள். தினமும் எல்லை தாண்டுபவருக்கு மாதம் பத்துப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் பரிசோதனை இலவசம். ஆனால் வரிசையில் நின்றால் அன்றைய வேலை போகும். 2021 ஏப்ரல் இறுதியில் கேரள அரசு தனியார் ஆய்வுக்கூடக் கட்டணத்தை 1,700 ரூபாயிலிருந்து 500 ரூபாயாகக் குறைத்திருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் மாதம் 5,000 ரூபாய் ஆகும். தினக்கூலிக்காரர் எங்கே போவார்?

மே 20-ல் முதல் ஊசி போட்ட தோப்பு அக்காவை நினைத்துப் பாருங்கள். கோவிஷீல்டு இரண்டாவது ஊசிக்கு அப்போது 84 நாள் இடைவெளி வேண்டும். அவருக்கு நாள் வருவது ஆகஸ்ட் 12. இரண்டு நாள் காய்ச்சலுக்கு அஞ்சி அதை விட்டுவிட்டால், எல்லைக்கு அப்பால் உள்ள வேலை முழுவதும் போய்விடும். அன்று ஊசி உயிரை மட்டும் காக்கவில்லை. பிழைப்பையும் காத்தது.

தழும்பைக் கேளுங்கள்

உங்கள் ஊரில் 60 வயது தாண்டியவர்களின் கையைப் பாருங்கள். பலருக்கு வட்டமான தழும்பு இருக்கும். அம்மை குத்திய தழும்பு என்பார்கள்.

அந்தக் காலத்தில் பெரியம்மை ஊர் ஊராக உயிர் குடித்தது. பிழைத்தவர்கள் பலருக்கு முகத்தில் தழும்பு. சிலருக்குக் கண் போனது. 1796-ல் எட்வர்டு ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர் அதற்குத் தடுப்பு முறை கண்டார். மாட்டு அம்மையின் நீரை எடுத்து ஒரு சிறுவனின் கையில் குத்தினார். 1802-ல் அந்தத் தடுப்பு மருந்து இந்தியாவுக்கு வந்தது. பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு முதலில் போட்டார்கள்.

அன்றும் மக்கள் பயந்தார்கள். அம்மை குத்துபவர் வருகிறார் என்றால் பிள்ளைகளை ஒளித்து வைத்தவர்கள் உண்டு. சாமி குற்றம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் வீடு வீடாகப் போய் ஊசி குத்தியவர்கள் விடவில்லை. 1975-ல் இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980-ல் உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று பிறக்கும் குழந்தைக்குப் பெரியம்மை ஊசி தேவையே இல்லை.

இளம்பிள்ளை வாதம் என்ற போலியோவும் அப்படித்தான். இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சொட்டு மருந்துக்குப் போன ஒவ்வொரு தாய்க்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு.

ஊசியை மறந்தால் என்ன ஆகும்? 2016-ல் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் நோய் மீண்டும் தலைகாட்டியது. தடுப்பூசி முழுமையாகப் போடாத பிள்ளைகள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பிள்ளைகள் இறந்தார்கள். போன நோய் திரும்பி வர, நாம் அசந்தால் போதும்.

இன்று நாம் செய்ய வேண்டியது

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் நெருக்கடி நிலை முடிந்தது என்று அறிவித்தது. அரசுக் கணக்குப்படி இந்தியாவில் 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இந்த நோயால் இறந்தார்கள். கேரளத்தில் மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேல். நெருக்கடி முடிந்தது. கிருமி முழுவதும் போய்விடவில்லை. நாளை வேறு கிருமியும் வரலாம். ஆகவே சில பழக்கங்களை விடக்கூடாது.

ஒன்று: இருமல், காய்ச்சல் இருந்தால் கூட்டத்துக்குப் போகும்போது முகக்கவசம் அணியுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் தள்ளி இருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இரண்டு: குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பிறந்த உடன், ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில், ஒன்பது மாதத்தில், பிறகு ஒன்றரை வயதுவாக்கில் என்று ஊசிகள் உண்டு. இவை அரசு மருத்துவமனைகளிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இலவசம். வேலைக்காக எல்லை தாண்டிக் குடிபோனால் அட்டையையும் கொண்டு போங்கள். அட்டை இருந்தால் மீதி ஊசியை எந்த மாநிலத்திலும் போடலாம். குடும்பம் இடம் மாறும்போதுதான் பல குழந்தைகளுக்கு ஊசி விட்டுப்போகிறது.

மூன்று: எந்தச் சான்றிதழ் கையில் கொடுத்தாலும் அங்கேயே படியுங்கள். உங்கள் பெயர் சரியா? வயது சரியா? ஊசியின் பெயர், போட்ட தேதி, போட்ட இடம் சரியா? தவறு இருந்தால் உடனே சொல்லுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினால் நாளை சோதனைச் சாவடியில் நிற்க வேண்டி வரும்.

நான்கு: போனில் வரும் செய்தியை உடனே மற்றவருக்கு அனுப்பாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சொன்னது யார்? எப்போது சொன்னது? இது உண்மையா என்று யாரிடம் கேட்கலாம்? ஆசா பணியாளரிடம் கேட்கலாம். குடும்ப நல மையத்தில் கேட்கலாம். கேரளத்தில் 1056 என்ற 'திசா' எண்ணுக்கும், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

படிக்கத் தெரிந்தவர் தமக்காக மட்டும் படிக்கக்கூடாது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் படித்துச் சொல்லுங்கள். எழுத்து தெரியாததால் ஓர் உயிர் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படக்கூடாது.

புதிய சொற்கள்

பெருந்தொற்று – பல நாடுகளில் ஒரே காலத்தில் பரவும் நோய்
தடுப்பூசி – நோய் வருமுன் காக்கப் போடும் ஊசி
ஒவ்வாமை – உடலுக்கு ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாத நிலை
நுண்ணோக்கி – மிகச் சிறியவற்றைப் பெரிதாகக் காட்டும் கருவி

விடை எழுதுங்கள்

1. இந்தியாவில் கோவிட் நோய் முதலில் எங்கே கண்டறியப்பட்டது?
2. உடல் சூடு பார்ப்பது மட்டும் ஏன் போதாது?
3. குப்பியைத் திறக்கப் பத்துப் பேர் சேரும் வரை ஏன் காத்திருந்தார்கள்?
4. இடமலைக்குடி மக்கள் என்ன முடிவு எடுத்தார்கள்?

கணக்குப் போடுங்கள்

1. கேரளத்துக்கு வந்த மருந்து 73,38,806 பேருக்கு. போட்ட ஊசி 74,26,164. எத்தனை பேருக்குக் கூடுதலாகப் போட்டார்கள்?
2. ஜூன் 1-ல் முதல் ஊசி போட்டவருக்கு 84 நாள் கழித்து எந்தத் தேதி வரும்? நாள்காட்டியைப் பார்த்து எண்ணுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. கொரோனா காலத்தில் உங்கள் வீட்டில் ஊசி போட யார் தயங்கினார்கள்? அவர்கள் சொன்ன காரணம் என்ன?
2. காய்ச்சலால் கூலி இழந்தவருக்கு ஊரும் பஞ்சாயத்தும் முதலாளியும் என்ன செய்திருக்கலாம்?
3. அம்மை குத்திய தழும்பு உள்ள ஒரு பெரியவரிடம் அந்தக் கதையைக் கேளுங்கள். கேட்டதைப் பத்து வரியில் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.